ரொறன்ரோவிலிருந்து நெடுந்தீவு எவ்வளவு தூரம்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கடல் கடந்து வந்த மாணவிகளின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் 1984 டிசம்பரில் இதே மண்டபத்தில் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை எழுதிய வகுப்பு. அன்று 26 பேர் இருந்தோம். இன்று வந்திருப்பவர்கள் ஏழு பேர். மூவர் ரொறன்ரோவிலிருந்தும், இருவர் லண்டனிலிருந்தும், ஒருவர் சிட்னியிலிருந்தும், ஒருவர் நெடுந்தீவிலிருந்தும் வந்திருக்கிறோம். கடல் கடந்து வந்தவர்கள் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, நெடுந்தீவுத் தோழியையும் எங்களோடு சேர்த்துக்கொண்டோம். அவரும் கடல் கடந்துதான் வந்தார். இன்று இங்கே வந்து சேருவோமா என்று எங்கள் எல்லோரையும்விடக் கூடுதலாக யோசித்தவரும் அவர்தான். சோளகக் காற்று வீசும் மாதம் இது. படகு ஓடுமா என்பது காலையில்தான் தெரியும்.

நேற்று மாலை நாங்கள் கல்லூரி வாசலில் வந்து இறங்கியபோது, மாலை கட்டுவதற்குப் பூ எடுத்துக்கொண்டு போன ஒரு சின்னப் பிள்ளை நின்று எங்களைப் பார்த்துக் கேட்டாள்: “அன்ரி, கனடா எவ்வளவு தூரம்?”

எங்களில் ஒருத்தி, “ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர்” என்றாள். மற்றவள், “ஒன்றரை நாள்” என்றாள். மூன்றாமவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். இரவு முழுவதும் அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம். அதற்குச் சரியான பதில் சொல்லிப் பார்ப்பதுதான் இந்த உரை.

எங்கள் புவியியல் ரீச்சரின் மேசையில் ஒரு பூகோள உருண்டை இருந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அடிமட்டத்தை வைத்துத் தூரம் அளந்தால் ரீச்சருக்குக் கோபம் வரும். “பிள்ளையள், படம் தட்டை. பூமி உருண்டை. நூலை எடுங்கோ” என்பார். இரண்டு ஊர்களுக்கும் இடையில் உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்தால், அது தானாகவே மிகக் குறுகிய வழியில் போய் நிற்கும். விமானங்கள் போக விரும்புவதும் அந்த வழியில்தான்.

அந்த நூலைப் பலாலியிலிருந்து பிடித்துப் பார்ப்போம். தெற்கே இரத்மலானைக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். வடக்கே சென்னைக்கு ஏறத்தாழ 355. கொழும்பும் சென்னையும் எங்களுக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான். லண்டனுக்கு 8,500. சிட்னிக்கு 8,900. ரொறன்ரோவுக்கு 13,700. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றர் என்பதால், உலகில் எந்த இரண்டு விமான நிலையங்களும் 20,000 கிலோமீற்றருக்கு மேல் விலகியிருக்க முடியாது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எங்களில் மூவர் விலகிப் போயிருக்கிறோம்.

இதில் ஒரு புதினமும் உண்டு. பலாலி கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில் இருக்கிறது. ரொறன்ரோ மேற்கு நெடுங்கோடு 80 பாகைக்கு மிக அண்மையில் இருக்கிறது. பூமியின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய எதிரெதிராக நிற்கின்றன. அதனால் சுவர்ப்படத்தில் பார்ப்பதுபோல நூல் அத்திலாந்திக்கைத் தாண்டி ஐரோப்பா வழியாக நேரே வருவதில்லை. ரொறன்ரோவிலிருந்து அது வடகிழக்கே ஏறி, கிறீன்லாந்தின் பனிக்கு மேலால் போய், ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து, பிறகு ரஷ்யாவின் வழியாகக் கீழே இறங்கி வருகிறது. பனையும் வெயிலுமாக இருக்கும் எங்கள் ஊருக்குக் குறுக்கு வழி வெண்கரடிகளின் நாட்டுக்குள்ளால்தான் போகிறது என்றால் அந்தக் காலத்தில் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம்.

இன்னொன்றையும் அந்த நூல் காட்டும். ரொறன்ரோவிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். அதாவது பலாலியைவிட 270 கிலோமீற்றர் கூட. நூலின் கணக்கின்படி, கட்டுநாயக்காவில் இறங்கும் நாங்கள் எங்கள் ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, ஏ9 வீதியால் திரும்பி வருகிறோம்.

சரி, தூரம் தெரிந்துவிட்டது. நேரம் எவ்வளவு? பெரிய விமானம் ஒன்று மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் பறக்கும். 13,700ஐ 900ஆல் பிரித்தால் பதினைந்தேகால் மணித்தியாலம். இது முடியாத பறப்பு அல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரை 18 மணித்தியாலத்துக்கு மேல் இடைநில்லாமல் பறக்கும் விமானம் இருக்கிறது. ஆனால் பலாலிக்கு அப்படி ஒன்று வராது. அவ்வளவு எரிபொருளைச் சுமக்கும் விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். அதை நாளாந்தம் நிரப்பப் பயணிகளும் வேண்டும். ஆகவே நாங்கள் வளைகுடாவில் ஒரு நகரத்திலோ லண்டனிலோ மாறி ஏறுகிறோம். ரொறன்ரோவிலிருந்து வளைகுடாவுக்குப் பதின்மூன்று மணித்தியாலம். அங்கே மூன்று மணித்தியாலக் காத்திருப்பு. கொழும்புக்கு இன்னும் நாலேகால் மணித்தியாலம். ஆகாயத்துப் பயணம் அத்தோடு முடிந்தது. திரும்பிப் போகும்போது எதிர்க்காற்றினால் ஒரு மணித்தியாலம் கூடும். மேலே உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், ஊருக்கு வரும் பயணம் சுருக்கமாயும் பிரிந்து போகும் பயணம் நீளமாயும் அமைந்துவிட்டது.

எங்கள் தீவுகளுக்கு ஆகாயப் பயணம் புதிதல்ல. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு இன்றும் நிற்கிறது. கடல் கொந்தளித்துத் தோணி போக முடியாத நாளிலும் யாழ்ப்பாணத்துக்குச் செய்தி போகவேண்டும் என்று புறா வளர்த்திருக்கிறார்கள். கப்பற் பயணமும் எங்களுக்குப் புதிதல்ல. ஊர்காவற்றுறைக்கு வெளிநாட்டார் இட்ட ‘கயிற்ஸ்’ என்ற பெயரே, யானைகளை ஏற்றிய துறை என்ற போர்த்துக்கேயப் பெயரின் மிச்சம்தான். யானையையே கப்பலேற்றிய ஊர் இது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை 1937இல் பாய்விரித்துக் கொண்டுபோய், 1938இல் அமெரிக்காவின் கிளௌசெஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். எங்கள் பேரன்மாரின் காலத்தில் வட அமெரிக்கா ஒரு வருடத்துக்கு மேற்பட்ட தூரத்தில் இருந்தது.

1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தனது முதலாவது பயணத்தை நடத்தியபோது, டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, எங்கள் பலாலியில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அந்தக் காலத்தில் அதைக் காங்கேசன்துறை விமான நிலையம் என்றும் சொல்வார்கள். இந்த நாட்டின் முதற் பயணிகள் விமானமே எங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது என்பதைத் தங்கைமார் தெரிந்துகொள்ள வேண்டும். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. காலையில் யாழ்ப்பாணத்தில் ஏறினால் பின்னேரத்துக்கு முன் கொழும்பு. எங்கள் அக்காமார் பலர் பல்கலைக்கழகத்துக்கும் உத்தியோகத்துக்கும் போன வழி அதுதான்.

அதன் பிறகு வந்த காலத்தையும் சொல்லாமல் விட முடியாது. தூரம் கூடவில்லை. நேரம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஒரு மணித்தியாலக் கடல் எங்களுக்குப் பழைய கடலாக இருக்கவில்லை. 1986 ஓகஸ்டில், எங்களைப் போன்ற 155 தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கடலில் மிதந்துகொண்டிருந்தபோது அங்குள்ள மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றினார்கள். கனடாவுக்கு எல்லோரும் விமான நிலையத்தின் வழியாகப் போகவில்லை என்பதற்கு அது சாட்சி. 1990இல் யாழ்தேவி நின்றது. அதே ஆண்டு ஓகஸ்டில் தீவுப்பகுதி மக்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பண்ணைத் தாம்போதியாலும் வள்ளங்களிலும் வெளியேறினார்கள். எங்கள் வகுப்பின் 26 பேரும் ஒன்றாக நின்று எடுத்த படம் ஒன்றுகூட அந்த ஓட்டத்தில் மிஞ்சவில்லை.

பிறகு கொழும்புக்குப் போகக் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தோம். ஒரே நாளில் போன இடத்துக்குப் பல நாள் எடுத்தது. பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் விமானம் ஓடிய காலத்தில், பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம்தான். அதற்கு முந்திய அனுமதிக்கும் சோதனைக்கும் காத்திருப்புக்கும் கணக்கில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து அப்படிப் புறப்பட்ட ஒரு விமானம் மன்னார்க் கடலில் விழுந்து, அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006இல் பூட்டப்பட்டது, 2009இல் மீண்டும் திறந்தது. யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரில்.

வெளிநாட்டில் இருந்த எங்களுக்கு இன்னொரு தூரமும் இருந்தது. லண்டனில் உள்ள எங்கள் தோழி ஒருத்திக்கு வதிவிட அனுமதி கிடைக்கப் பதினொரு வருடம் எடுத்தது. அந்தப் பதினொரு வருடத்தில் அவளுடைய ஐயா இறந்தார். தங்கைக்குக் கலியாணம் நடந்தது. விமானம் நாளாந்தம் பறந்துகொண்டுதான் இருந்தது. அவளிடம் கடவுச்சீட்டு இல்லை. லண்டனுக்கும் பலாலிக்கும் இடையில் 8,500 கிலோமீற்றர் என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாளோ!

இனி, நேற்று மாலை அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் நின்ற மூன்றாவது தோழியின் கதையைச் சொல்லவேண்டும். அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.

2015 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு அவளுடைய அம்மா நெடுந்தீவில் காலமானா. அப்போது ரொறன்ரோவில் அதே செவ்வாய் காலை ஒன்பதரை. தம்பி தொலைபேசியில் கேட்ட முதற் கேள்வி, “அக்கா, வந்து சேருவியளோ?” என்பதுதான். “வருவன். எடுக்காதையுங்கோ” என்று சொல்லிவிட்டு அவள் வேலைத்தலத்திலிருந்தே பயணச்சீட்டுக்கு ஓடினாள். அன்றிரவு ஒன்பதரைக்கு விமானம். ஊர் நேரப்படி அது புதன் காலை எட்டு மணி. வியாழன் அதிகாலை நாலேகாலுக்குக் கட்டுநாயக்காவில் இறங்கினாள். ஐந்தரைக்கு வான் புறப்பட்டது. வழியில் ஓரிடத்தில் தேநீருக்கு மட்டும் நிறுத்தினார்கள். பகல் ஒரு மணிக்கு யாழ்ப்பாணம். பண்ணைத் தாம்போதி, வேலணை, புங்குடுதீவு. இரண்டரைக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றாள்.

வாடைக்காற்று. கடல் எழும்பி நின்றது. அன்று பின்னேரம் நெடுந்தீவுக்குப் படகு ஓடவில்லை. அங்கு நின்ற மீனவர் ஒருவரிடம் கெஞ்சியிருக்கிறாள். அவர், “பிள்ளை, நான் உன்னை ஏத்தினால் ரெண்டு செத்தவீடு வரும்” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி என்று அவளுக்கும் தெரியும்.

வீட்டில் தம்பி இரண்டு நாள் மறித்து வைத்திருந்தான். அதற்குமேல் தீவில் வைத்திருக்க வசதியில்லை. ஐந்து மணிக்குப் பிரேதத்தை எடுத்தார்கள். தம்பி தொலைபேசியை எடுத்துப் பறைமேளச் சத்தம் கேட்கும்படி பிடித்துக்கொண்டிருந்தான். அவள் இறங்குதுறைக் கல்லில் இருந்து அதைக் கேட்டாள். வாய்க்கரிசி போடவில்லை. முகம் பார்க்கவில்லை. இரவு புங்குடுதீவில் தெரிந்தவர்களின் வீட்டில் தங்கி, வெள்ளி காலை எட்டு மணிப் படகில் ஏறி ஒன்பது மணிக்கு மாவிலித்துறையில் இறங்கினாள்.

கணக்கைப் பாருங்கள். ரொறன்ரோவிலிருந்து குறிகட்டுவான் வரை முப்பதரை மணித்தியாலம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் பதினெட்டரை மணித்தியாலம்.

நேற்றிரவு நாங்கள் இதையும் உருண்டையில் அளந்து பார்த்தோம். முப்பது சென்ரிமீற்றர் விட்டமுள்ள பாடசாலை உருண்டையில் ரொறன்ரோவுக்கும் பலாலிக்கும் இடையில் நூல் 32 சென்ரிமீற்றர் வருகிறது. யாழ்ப்பாணத்துக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அது அந்த உருண்டையில் ஒரு மில்லிமீற்றர். அதாவது நூலின் தடிப்பு. எங்கள் தோழி 32 சென்ரிமீற்றரைக் கடந்து வந்து, அந்த ஒரு மில்லிமீற்றரில் தோற்றுப்போனாள்.

அவள் இதுவரை அதற்காக ஒருவரையும் குற்றம் சொன்னதில்லை. காற்றையும் சொல்லவில்லை. ஆனால் பொதுவாக, தூரம் என்றால் வெளிநாடு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பிழை என்று அவள் சொன்னாள்.

அதற்குப் பிறகு நல்ல மாற்றங்கள் வந்தன. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைக்குச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரிலிருந்து இன்னொரு நிறுவனமும் பறக்கிறது. எழுபதுக்கு மேற்பட்டோர் ஏறக்கூடிய சிறிய ஏ.ரி.ஆர். விமானம். ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலப் பறப்பு. இம்முறை எங்கள் லண்டன் தோழியர் இருவரும் அந்த வழியால்தான் வந்தார்கள். சென்னையில் ஏறியவர்கள் யன்னலால் பாக்குநீரிணையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விமானம் இறங்கத் தொடங்கிவிட்டதாம். வெளியே வந்து பனைமரத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டார்கள் என்பதை அவர்கள் மறுக்கக்கூடும். நாங்கள் நம்ப மாட்டோம்.

அந்த வழியால் வர விரும்பும் சகோதரிகளுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள். முழுப் பயணத்துக்கும் ஒரே பயணச்சீட்டு எடுக்கப் பாருங்கள். வேறுவேறாக எடுத்துச் சென்னையில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால் இந்திய விசாவும் தேவைப்படும். சிறிய விமானம் என்பதால் பொதியின் அளவை முதலே கேட்டறியுங்கள். சென்னையில் சேரும் நேரத்துக்கும் பலாலி விமானத்துக்கும் இடையில் போதிய அவகாசம் விடுங்கள். தவறவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க நேரிடலாம். தீவுக்குப் போவதாக இருந்தால், எந்த வழியால் வந்தாலும் ஒரு நாளைக் கடலுக்கு ஒதுக்கி வையுங்கள். போகும்போதும் அப்படியே. விமானத்துக்கு முதல்நாள் நெடுந்தீவில் நிற்காதையுங்கோ.

பலாலியால் கட்டுநாயக்கா வீதியின் ஏழெட்டு மணித்தியாலம் மிச்சமாகிறது. உண்மை. ஆனால் குறிகட்டுவானுக்கு அப்பால் ஒரு நிமிடமும் குறையவில்லை. 2015இல் பலாலி திறந்திருந்தாலும், எங்கள் தோழி அதே கல்லில் சிலவேளை காலையிலேயே வந்து நின்றிருப்பாள். காற்று அதே காற்றுத்தான்.

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விடயம்.

நேற்று எங்களிடம் கனடாவின் தூரம் கேட்ட பிள்ளையை, இன்று காலை தேடிப் பிடித்து நாங்களும் ஒரு கேள்வி கேட்டோம். “பிள்ளை, நீங்கள் எங்கையிருந்து வாறீங்கள்?” “அனலைதீவு” என்றாள். “எத்தனை மணிக்கு எழும்புறனீங்கள்?” “நாலரைக்கு.” “படகு ஓடாவிட்டால்?” “அண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லை அன்ரி” என்றாள், அது ஒரு பெரிய விடயமே அல்ல என்பதுபோல.

நாங்கள் படித்த காலத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். எங்கள் வகுப்பில் மட்டும் ஒன்பது பேர் விடுதிப் பிள்ளைகள். இன்று உங்களில் வைத்தியராகவும் ஆசிரியையாகவும் கணக்காளராகவும் இருக்கும் பலருக்கு அந்த விடுதியின் பருப்பும் சொதியும் ஞாபகம் இருக்கும். 1990 இடப்பெயர்வோடு விடுதி நின்றது. கட்டிடங்கள் திரும்பக் கட்டப்பட்டன. வகுப்பறைகள் வந்தன. கணினிகள் வந்தன. அவற்றுக்குப் பணம் தந்தவர்களும் நீங்கள்தான். விடுதி மட்டும் திரும்பவில்லை.

ரொறன்ரோவுக்கும் பலாலிக்கும் இடையிலான தூரத்தை உலகம் எங்களுக்காகக் குறைத்துத் தந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக இருந்ததை ஒன்றரை நாளாக்கியது. அதற்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. பயணச்சீட்டு வாங்கினோம், அவ்வளவுதான். அனலைதீவுக்கும் இந்த வகுப்பறைக்கும் இடையிலான தூரத்தை எங்களுக்காக யாரும் வந்து குறைக்கப்போவதில்லை. தன் தீவில் இல்லாத பாடத்தைப் படிக்க வரும் உயர்தர வகுப்புப் பிள்ளை, வாடைக்காற்று மாதத்தில் எத்தனை நாள் வகுப்பைத் தவறவிடுகிறாள் என்று வரவுப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும். பரீட்சை வினாத்தாள் அந்த நாட்களைக் கழித்துக்கொண்டு வருவதில்லை.

நூற்றாண்டு ஞாபகார்த்தமாக வாசலில் ஒரு வளைவு கட்டலாம் என்று ஓர் எண்ணம் இருப்பதை அறிவோம். நல்ல எண்ணம்தான். ஆயினும் எங்கள் வகுப்பின் பணிவான வேண்டுகோள் இது: அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இருபது பிள்ளைகளாவது தங்கக்கூடிய ஒரு சிறிய விடுதியை முதலில் கட்டுவோம். வருடம் முழுவதும் நடத்த முடியாவிட்டாலும், காற்று மாதங்களிலும் பரீட்சைக் காலத்திலும் நடத்துவோம். ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பொறுப்பெடுத்தால், வெளியில் இருக்கும் நாங்கள் செலவைப் பொறுப்பெடுக்கிறோம். இன்று வந்திருக்கும் ஏழு பேரும் முதலாவது வருடச் செலவில் எங்கள் பங்கை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம். ஏழு பேரில் நெடுந்தீவுத் தோழியும் அடக்கம். “நீர் தரவேண்டாம்” என்று நாங்கள் சொன்னதற்கு, “ஏன், நான் பழைய மாணவி இல்லையோ?” என்று கேட்டா. அதற்குப் பிறகு நாங்கள் வாய் திறக்கவில்லை.

ஊரில் இருந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தூரத்தைப் பற்றிப் பேச வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை அழைக்கிறீர்கள். ஆனால் தூரத்தைத் தாங்கியவர்கள் நீங்கள். எங்கள் அம்மாமாரின் கடைசி நாளில் தண்ணி பருக்கியவர்கள் நீங்கள். எங்கள் தோழியின் அம்மாவுக்கு அன்று அவளுடைய இடத்தில் நின்று வாய்க்கரிசி போட்டவள், இந்த மேடையில் எங்களோடு நிற்கும் நெடுந்தீவுத் தோழிதான். எங்களுக்கு இரவாக இருக்கும்போது உங்களுக்குப் பகல். கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். நாங்கள் நித்திரையாக இருக்கும் நேரம் முழுவதும் எங்கள் வீடுகளைப் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள். அதற்கு நன்றி என்று ஒரு சொல்லில் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறோம்.

இனி அந்த அனலைதீவுப் பிள்ளைக்கு எங்கள் பதில். மகள், கனடா 13,700 கிலோமீற்றர். எல்லாம் சரியாக நடந்தால் ஒன்றரை நாள். நீங்கள் வளர்ந்து போக விரும்பினால் போகலாம். விரும்பாவிட்டால் இங்கேயே இருந்து இந்தக் கல்லூரிக்கு அதிபராக வரலாம். இரண்டுக்கும் முதலில் நீங்கள் நாளாந்தம் இந்த வகுப்பறைக்கு வந்து சேரவேண்டும். அந்தத் தூரத்தைக் குறைப்பது எங்கள் பொறுப்பு.

அடுத்த வருடம் இதே மாதம் அத்திவாரக்கல் நாட்ட வருவோம். கடலுக்கென்று ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு வருவோம்.